மறைத்த வித்தையும் கற்ற கையும்

நம் மதரஸாக்களில் ஒரு பழைய வழக்கு உண்டு. புதிதாக வந்து சேரும் ஒருவர், தாம் இன்ன கிதாபை ஓதியிருப்பதாகச் சொன்னால், உஸ்தாத் முதலில் கேட்பது, "யாரிடம் ஓதினீர்?" என்பதுதான். கிதாபின் பெயர் இரண்டாவது. ஓதித்தந்தவரின் பெயரே முதலாவது. ஆசானின்றி ஏட்டை மட்டும் பார்த்துக் கற்றவரை அரபியர் 'ஸஹஃபீ' என்று சற்று இளக்காரமாகவே அழைத்தனர். ஏட்டிலிருந்து எடுத்தவர், வாயிலிருந்து கேளாதவர் என்பது கருத்து. இந்த வழக்கிலே வளர்ந்த நமக்கு, 'தானே கற்றவர்' என்று ஒருவரைப் புகழக் கேட்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழும். உண்மையிலேயே ஆசான் இல்லையா? அல்லது ஆசானின் பெயர் மறைந்துபோயிற்றா?

தைலவண்ண ஓவியத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தவர் என்று இந்நாட்டில் எல்லாரும் சொல்லக்கூடிய பெயர் ஒன்றே. அது திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்த இரவிவர்மாவின் பெயர். அவர் தீட்டிய உருவங்களைப் பற்றி நாம் இங்கு எழுத வரவில்லை. உருவச் சித்திரம் பற்றி நம் உலமாக்கள் கூறியிருப்பன வாசகர் அறிந்தவையே. அந்த ஆராய்ச்சிக்கு இது இடமன்று. அவர் எவ்வாறு கற்றார், யார் கற்பிக்க மறுத்தார், யார் கற்பித்தார் என்பதே நம் வினா. அறிவு கைமாறும் வரலாற்றில் இது ஒரு தனி அத்தியாயம் என்பது நம் கருத்து.

கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு உடையது. தந்தையார் நீலகண்டன் பட்டதிரி வடமொழியும் ஆயுர்வேதமும் வல்லவர். தாயார் உமாம்பா பாடல் இயற்றும் ஆற்றல் பெற்றவர். தாய்மாமன் இராஜராஜவர்மா தஞ்சாவூர் முறையில் சித்திரம் எழுதுவதில் பழகியவர். ஆகவே, கரித்துண்டினால் வீட்டுச் சுவரெங்கும் யானையும் குதிரையுமாக எழுதிய பிள்ளையை அடிக்காமல், அதன் கையில் தூரிகையைக் கொடுக்க அவ்வீட்டில் ஒருவர் இருந்தார். முதல் உஸ்தாத் இவர்தாம். 'தானே கற்றவர்' என்னும் பட்டத்தில் முதல் ஓட்டை இங்கேயே விழுந்துவிடுகிறது!

அந்நாளில் கடையில் வண்ணம் வாங்கும் வழக்கம் இல்லை. இலை, பூ, மரப்பட்டை, மண், கல் ஆகியவற்றிலிருந்தே வண்ணங்களை ஆக்கிக்கொண்டனர். தஞ்சாவூர் முறையில் எழுதுவோர் பலாமரப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்துப் பூசி, அதனை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் வண்ணம் இடுவர். தங்கரேக்கு ஒட்டி, கற்களும் பதிப்பர். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்கு அவுரி, பழுப்புக்குச் செங்காவி, கறுப்புக்கு விளக்குப்புகைக் கரி. இப்பெயர்களைக் கேட்கும்போது அரபி ஓதியவர்க்கு வேறொரு வரிசை நினைவில் எழும். சாதிலிங்கத்தை அரபியர் 'ஸுன்ஜுஃப்ர்' என்பர். அரிதாரத்தை 'ஸிர்னீக்' என்பர். அவுரியின் நிறத்தை அவர்கள் 'நீல்' என்று நம் சொல்லாலேயே வழங்கினர். பதக்ஷான் மலையில் வெட்டியெடுக்கப்படும் நீலக்கல்லுக்கு 'லாஜவர்த்' என்று பெயர். வானநீலத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவும் அதிலிருந்தே பிறந்தன. அந்தக் கல்லை அரைத்துச் செய்த நீலத்தை ஐரோப்பியர் 'அல்ட்ராமரின்' என்றனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பது அதன் பொருள். பொன்னுக்கு நிகராக விற்ற அந்நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் முறை 1828ஆம் ஆண்டளவில் பிரான்சில் வெளிப்பட்டது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதிலிங்கமும் மாசிக்காயும் அன்னபேதியும் சித்திரக்காரனுக்கும் எழுத்தனுக்கும் பொதுச் சொத்தாக இருந்த காலம் அது.

1862இல், தம் பதினான்காம் வயதில், சிறுவன் இரவிவர்மா மாமனுடன் திருவனந்தபுரம் சென்றார். அரசர் ஆயில்யம் திருநாள் (ஆட்சி 1860–1880) அவரை அங்கேயே தங்கச் செய்தார். அரண்மனையில் படங்கள் இருந்தன, நூல்கள் இருந்தன, நீர்வண்ணம் எழுதுவோரும் இருந்தனர். தைலவண்ணம் மட்டும் புதுப்பொருளாக இருந்தது. சென்னையிலிருந்து அவ்வண்ணங்கள் வரவழைக்கப்பட்டன என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வண்ணம் கைக்கு வந்தது. அதைக் கையாளும் வகைதான் வரவில்லை.

இங்கே சிறிது நின்று, தைலவண்ணம் ஏன் ஒருவர்க்குப் பிறர் உதவியின்றி எளிதில் வசப்படுவதில்லை என்பதை விளக்குதல் வேண்டும். இல்லையேல், பின்வரும் மறுப்பின் கடுமை வாசகர்க்குப் புலப்படாது.

நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகிப்போகும். வண்ணம் தாளிலே தங்கும். காய்தல் என்பது அங்கே வற்றுதல். எண்ணெயில் அவ்வாறன்று. ஆளிவிதை எண்ணெய் வற்றுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு தானே இறுகித் தோலாகிறது. எல்லா எண்ணெயும் இப்படி இறுகுவதில்லை. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் வண்ணத்தைக் குழைத்துப் பூசினால் ஆண்டு பல சென்றாலும் அது விரலில் ஒட்டும். நல்லெண்ணெயும் இதற்குப் பயன்படாது. ஆளிவிதை, அக்ரோட்டு, கசகசா ஆகியவற்றின் எண்ணெய்களே பயன்படும். இந்த ஒரு செய்தியை அறியாதவன் எத்தனை படங்களைப் பாழாக்கினாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது அடுக்கு. துணியை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, முதலில் வச்சிரப் பசை பூச வேண்டும். இல்லாவிடில் எண்ணெய் நூலை அரித்துவிடும். அதன்மேல் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் டர்பென்டைன் கலந்து மெலிதாக முதல் வண்ணம். மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுந்த பூச்சு. இந்த ஒழுங்கை மாற்றி, கீழே கொழுத்த பூச்சும் மேலே மெலிந்த பூச்சும் இட்டால், மேலது முந்திக் காய்ந்து, கீழது பிந்தி அசைந்து, படம் வறண்ட குளத்து மண்போல வெடிக்கும். அவ்வெடிப்பும் உடனே தெரியாது. மாதங்கள் கழித்தே தெரியும். பிழை செய்த நாளும் பிழை வெளிப்படும் நாளும் இவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு கலையில், 'இதை இப்படிச் செய்யாதே' என்று சொல்லும் ஒரு வாய் எத்தனை விலையுயர்ந்தது! நீர்வண்ணம் எழுதுவோன் வெண்மையைத் தாளிலிருந்தே பெற்று, வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குச் செல்வான். தைலவண்ணம் எழுதுவோனோ பெரும்பாலும் இருளில் தொடங்கி ஒளிக்கு வருவான். பழகிய கை தலைகீழாகப் பழக வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் உடையதாதலால்தான் போலும், தைலவண்ணத்தின் வரலாறு முழுவதும் 'இரகசியம்' என்னும் சொல்லே சுற்றிவருகிறது. 1550இல் ஓவியர் வரலாறு எழுதிய இத்தாலியர் வஸாரி, யான் வான் ஐக் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் இக்கலையைக் கண்டுபிடித்து மறைத்து வைத்திருந்தார் என்றும், அந்தோனெல்லோ என்பவர் அங்குச் சென்று அதனை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்றும் கதை சொன்னார். நெடுங்காலம் அதனை எல்லாரும் நம்பினர். ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே தெயோபிலஸ் என்னும் புனைபெயர் கொண்ட ஒரு துறவி, வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் அரைக்கும் முறையைத் தம் நூலில் வெளிப்படையாக எழுதி வைத்திருந்தார். அதற்கும் முந்திய சான்று ஆப்கானிஸ்தானத்தில் கிடைத்தது. பாமியான் குகைகளின் சுவர்ச் சித்திரங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 50 குகைகளில் 12இல் அக்ரோட்டு அல்லது கசகசா எண்ணெய் போன்ற இறுகும் எண்ணெய் கலந்த வண்ணம் இருப்பதை 2008இல் அறிவித்தனர். 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை அவை. 2001இல் அங்கிருந்த பெருஞ்சிலைகள் தகர்க்கப்பட்ட செய்தியை உலகமே அறிந்தது. அச்சிலைகளின் பின்னாலிருந்த குகைகளில் தைலவண்ணத்தின் மிகப் பழைய சான்று ஒளிந்திருந்ததை மிகச் சிலரே அறிவர். ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று எண்ணப்பட்ட கலைக்கு ஆசியாவிலே இத்தனை பழைய உறவு!

தமிழ்நாட்டு மண்ணுக்கு ஐரோப்பியத் தைலவண்ணம் வந்ததில் ஒரு முஸ்லிம் அரசருக்குப் பங்குண்டு என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். 1769இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் என்னும் ஆங்கில ஓவியருக்கு ஆர்க்காட்டு நவாப் முஹம்மதலி வாலாஜா ஆதரவளித்தார். நவாபையும் அவருடைய மைந்தர்களையும் அவர் தைலவண்ணத்தில் தீட்டினார். பின்னர் 1774இல் வந்த ஜார்ஜ் வில்லிசனும் நவாபின் உருவத்தைப் பலமுறை தீட்டினார். நவாப் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. கும்பினியாரிடம் இழந்துகொண்டிருந்த அதிகாரத்தைச் சித்திரத்திலாவது முழு உயரத்தில் நிறுத்திவைக்க அவர் விரும்பினார் போலும். ஆனால் அந்த ஓவியர்கள் வந்தனர், தீட்டினர், ஊதியம் பெற்றுச் சென்றனர். வேலையைக் கண்ணாற் கண்டு கற்றுக்கொண்ட உள்நாட்டுக் கைவினைஞர் சிலர், தாம் அறிந்ததைத் தம் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டனர்.

அத்தகைய கைவழி ஒன்று மதுரையில் இருந்தது. மதுரை அழகிரி நாயுடு என்பவர் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் சிறந்த ஓவியராகப் போற்றப்பட்டவர். அவருடைய மாணவர் இராமசாமி நாயக்கர். ஆயில்யம் திருநாளின் அவையில் தைலவண்ணம் அறிந்த உள்நாட்டவர் இவரே. இவர் நீர்வண்ணம் எழுதுவதை இளைஞர் இரவிவர்மா கண்டு கற்றார். தைலவண்ணத்தைக் கற்பிக்க வேண்டியபோது நாயக்கர் மறுத்துவிட்டார். இந்த இளைஞர் தமக்குப் போட்டியாகி விடுவார் என்று அவர் அஞ்சினார் என்பர்.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரசரையும் அரசியையும் தீட்டத் திருவனந்தபுரம் வந்தார். இவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். அதுவும் அரசரின் சொல்லுக்காக. இருபது வயது இளைஞர் ஒருவர் வாயைத் திறக்காமல், கண்ணை இமைக்காமல் நாள்தோறும் நின்று பார்த்ததை எண்ணிப்பாருங்கள். எந்த வண்ணத்தை எதனோடு கலந்தார், எத்தனை நாள் காயவிட்டார், தூரிகையை எதில் கழுவினார், எந்தப் புட்டியிலிருந்து எத்தனை துளி விட்டார் என்பதையெல்லாம் கேட்க முடியாது. காண மட்டுமே முடியும். கண்டதை இரவில் தம் அறையில் செய்து பார்க்க வேண்டும்.

அந்த அறைக்குத்தான் மூன்றாமவர் ஒருவர் வந்தார். இராமசாமி நாயக்கரின் மாணவர். பெயர் ஆறுமுகம் பிள்ளை. தம் ஆசான் அறியாமல், மறைவாக வந்து, எண்ணெயும் வண்ணமும் கலக்கும் முறையை இரவிவர்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். ஆசான் அறிந்திருந்தால் அவர் பிழைப்பே போயிருக்கும். இவருக்கு வரலாறு கொடுத்த இடம் ஒரு பத்திக்கு மேல் இல்லை. நாயக்கரைப் பொறாமைக்கும் ஜென்சனைக் கஞ்சத்தனத்துக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லுவோர், பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே இரவிவர்மாவைத் 'தானே கற்றவர்' என்று முடித்துவிடுகின்றனர். மறுத்த இருவர் நினைவில் நிற்கின்றனர். கொடுத்த ஒருவர் மறைந்துபோகிறார். இதைக்காட்டிலும் கொடிய நன்றிகேடு வேறுண்டோ?

கேட்கப்பட்ட அறிவை மறைப்போரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி திர்மிதீ, அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். இதை எடுத்துக்கொண்டு நாயக்கர்மீது தீர்ப்புரைப்பது எளிது. நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். அந்த எச்சரிக்கை ஒருவருக்கு இன்றியமையாத மார்க்க அறிவை மறைப்பதைப் பற்றியது என்றே உரையாசிரியர் பலர் கொள்வர். தொழில் நுணுக்கத்தை அதனுள் அடக்கார். அன்றியும், கேட்டவர் யார்? அரசரின் உறவினர், அரண்மனை விருந்தினர், நாளைய சோற்றுக்குக் கவலையற்றவர். மறுத்தவர் யார்? கைவேலையால் ஊதியம் பெறும் ஒரு கைவினைஞர். அவருக்கு அந்த எண்ணெய்க் கலவையே நிலம், அதுவே வீடு. அதை அரசிளங்குமரர் ஒருவர் விளையாட்டாகக் கேட்கும்போது கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அரண்மனை வாயிலில் நிற்க வேண்டுமா என்று அவர் எண்ணியிருந்தால், அதனை வெறும் பொறாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பொறாமை என்று எழுதியவர்கள் பெரும்பாலும் இரவிவர்மாவின் பக்கத்தில் நின்று எழுதியவர்கள் என்பதும் கருதத்தக்கது.

ஆயினும், வேறொரு வழியும் இருந்தது என்பதற்கு நம் நூல்களே சான்று. 11ஆம் நூற்றாண்டில் இஃப்ரீகிய்யாவை ஆண்ட ஸீரி வமிசத்து முஇஸ்ஸு இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்தத்துல் குத்தாப்' என்னும் நூல், எழுதுகோல் சீவுவது முதல் நூல் கட்டுவது வரை எழுத்துத்தொழிலின் நுணுக்கங்களை விளக்குகிறது. கரிமை, மாசிக்காயும் அன்னபேதியும் கலந்த மை, வண்ண மைகள், பொன்னெழுத்து, பசை, எழுதியதை அழிக்கும் முறை ஆகியவையும் அதில் உண்டு. எழுத்தர்கள் வாழ்நாளெல்லாம் பொத்திக் காத்த செய்முறைகள் ஓர் அரசரின் பெயரைத் தாங்கி ஏட்டில் ஏறின. யார் வேண்டுமானாலும் படித்துச் செய்துகொள்ளலாம். இப்படி ஒரு நூல் தைலவண்ணத்துக்குத் தமிழிலோ மலையாளத்திலோ இருந்திருக்குமானால், ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்திருக்க வேண்டியதில்லை.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லிவிடுவது நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் வாரிசுப் பங்கீட்டுக் கணக்கில், பங்குகள் கூடி மூலத்தை மிஞ்சும்போது அதைச் சரிசெய்யும் சுருக்க வழி ஒன்றை நம்மிடம் கேட்டார். நமக்கு அது தெரியும். நம் உஸ்தாத் சொல்லித்தந்தது. "கிதாபைப் பார்த்தால் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று நேரமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம், உண்மை அதுவன்று. அவர் வேறொரு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து அதனை அறிந்துகொண்டார். பின்னர் ஒரு சபையில், "இதை நானே கற்றேன்" என்று அவர் சொன்னபோது நாம் தலைகுனிந்து இருந்தோம். அச்சொல் அவருக்குப் பெருமையாகவும் நமக்குக் குற்றப்பத்திரமாகவும் ஒலித்தது. இரவிவர்மாவின் வரலாற்றை நாம் மீண்டும் எடுத்துப் படித்தது அதன் பிறகுதான்.

கற்ற கை விரைவில் வெளிப்பட்டது. 1870-71இல் கோழிக்கோட்டு நீதிபதி கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை அவர் தீட்டினார். ஊதியம் பெற்றுச் செய்த முதல் வேலை அதுவே என்பர். 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர்ப் பெண்ணின் படத்துக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் காட்சியிலும் அது பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, சரபத் என்னும் யாழ்வகையை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்குச் சென்னையில் மீண்டும் தங்கப்பதக்கம். 1876இல் காட்சிக்கு வந்த, சகுந்தலை கடிதம் எழுதும் படத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனே வாங்கிக்கொண்டார். ஜென்சனின் தூரிகையை வாய்மூடி நின்று பார்த்த நாள்களுக்கும் இதற்கும் இடையில் எட்டே ஆண்டுகள்! அவர் படங்களில் பட்டுப்புடவையின் சரிகையும், முத்தின் மேல் விழும் ஒளியும், உடலின் வெம்மையும் தெரிகின்றன என்று புகழ்வார்கள். அவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகளை இட்டுக் காயவிட்டு மீண்டும் இடும் பொறுமையின் விளைவுகள். வண்ணத்தைப் பொறுத்தவரை அவர் காலம் வசதியானது. 1841இல் ஈயக்குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறை வந்துவிட்டதனால், அரைக்கும் வேலை குறைந்துவிட்டது. எனினும், சிறுவயதில் மாமனின் வீட்டில் இலையையும் மண்ணையும் அரைத்துப் பழகிய கைக்கு, எந்த வண்ணம் எதனோடு ஒத்துப்போகும் என்பது தெரிந்திருக்கும் அன்றோ? குழாயைப் பிதுக்கி மட்டும் பழகியவருக்கு அது எளிதில் வாராது.

பிற்கால வாழ்க்கையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அது பலரும் எழுதியதே. பரோடா அரசருக்காகப் புராணக் கதைப் படங்கள் பதினான்கு 1890இல் முடிந்தன. 1893இல் சிகாகோ உலகக் காட்சிக்குப் பத்துப் படங்கள் சென்றன. மைசூர் அரண்மனைக்கெனத் தீட்டிய, பல நாட்டுப் பாடகியர் கூடியிருக்கும் படத்தில் முஸ்லிம் பெண்ணொருத்தியும் இடம்பெற்றிருக்கிறாள்.

நம் கவனத்துக்குரியது 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம். படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று 1884இலேயே சர் டி. மாதவராவ் கடிதம் எழுதியிருந்தார். அச்சு முறை கல்லச்சே. நம் முன்னோர்க்கு இது புதிதன்று. அரபுத்தமிழ் நூல்களும் அரபி கிதாபுகளும் கல்லச்சிலேயே எத்தனை வெளிவந்தன! அங்கே ஒரே நிறம், ஒரே கல். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். ஒரு கல்லின் பதிவு மயிரிழை விலகினாலும் படம் முழுவதும் பாழ். ஜெர்மானிய இயந்திரமும் ஜெர்மானியத் தொழிலாளரும் வந்தனர், பம்பாயில் பிளேக் பரவியது, அச்சகம் 1899இல் லோனாவாலாவை அடுத்த மாளவலிக்கு மாறியது, கடன் ஏறியது. இறுதியில் ஸ்லைச்சர் என்னும் ஜெர்மானியரின் கைக்கே அது விலையாகிப் போயிற்று. 1972இல் நெருப்பில் எரிந்தது. தைலவண்ணத்தின் நுணுக்கத்தை மூவரிடம் கெஞ்சிப் பெற்றவர், அதன் பயனை மட்டும் சில அணாவுக்கு எல்லார் வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோனார். செய்முறையைப் பரப்பினாரா? தம்பி இராஜராஜவர்மா (1860–1905) உடனிருந்து தீட்டினார், நாட்குறிப்பும் எழுதினார். தங்கை மங்களாபாயும் ஓவியரே. ஆனால் அவையெல்லாம் வீட்டுக்குள். நாயக்கர் தம் குடும்பத்தொழிலைக் காத்ததற்கும் இதற்கும் வேறுபாடு மிகப் பெரிதாக நமக்குத் தோன்றவில்லை.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமியும், சென்னை ஓவியப்பள்ளியை நடத்திப் பின் கல்கத்தா சென்ற ஹாவெலும் இரவிவர்மாவின் படங்களைக் கடுமையாகக் குறைகூறினர். இந்தியப் பொருளை ஐரோப்பியக் கண்ணால் கண்டார், நாடக மேடையைத் துணியில் ஏற்றினார் என்பது அவர்கள் வழக்கு. அதிலும் உண்மை உண்டு. ஆயினும், அவர்கள் கேட்ட மரபுவழி ஓவியன் யாராக இருந்திருப்பான்? மரபு தந்த வண்ணத்தையும் பலகையையும் சிறுவயதிலேயே கையில் வைத்திருந்தவர் இவர். அந்த மரபிலேயே நின்ற நாயக்கரும் அரண்மனை வேண்டியபடி தைலவண்ணத்தையே நாடினார். காலம் எண்ணெயின் பக்கம் சாய்ந்துவிட்டது. இவர் அதைத் திருடியாவது கற்றார். நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

1904இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் இவரும் மறைந்தார். 1979இல் அவருடைய ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. இன்று அவை நாட்டை விட்டு வெளியே செல்ல இயலாது.

அவருடைய மகன் இராமவர்மா பம்பாயில் ஓவியப்பள்ளியில் முறையாகப் பயின்றவர். 1915இல் மாவேலிக்கரையில் அவர் தந்தையின் பெயரால் ஓர் ஓவியப்பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் அரசுக் கல்லூரியாயிற்று; இன்றும் நடைபெறுகிறது. ஊரும் குடும்பமும் கேளாமல், சேரும் மாணவர் எவர்க்கும் துணியை இழுத்துக் கட்டுவதையும், வச்சிரப் பசை பூசுவதையும், எண்ணெயின் அளவையும் பகல் வெளிச்சத்தில் சொல்லித்தரும் இடமாக அது அமைந்தது. ஆறுமுகம் பிள்ளை மறைவாக அந்த அறைக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.